நகர்ந்து போன நிழல்

காலை மணி ஆறரை. பள்ளிக்குப் புறப்படும் மாணவன் ஒருவன், வீட்டின் முன்புறத்தில் தன் நாயைக் கட்டுகிறான். பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீரும் வைக்கிறான். அங்கே நல்ல நிழல். மனநிறைவோடு பேருந்து ஏறுகிறான். நண்பகலில் அந்த நிழல் அங்கே இல்லை. கிண்ணம் கவிழ்ந்து கிடக்கிறது. சங்கிலியின் நீளத்திற்குள் ஒதுங்க இடமின்றி நாய் மூச்சிரைக்கிறது. அண்டை வீட்டு அம்மா ஒருவர் அதனைக் கண்டு, நிழலுக்குக் கொண்டு சென்று உடலில் தண்ணீர் ஊற்றியதால் அது பிழைத்தது.

அந்த மாணவன் தன் நாயின்மீது அன்பில்லாதவன் அல்லன். வெயில் நகரும் என்பதை எண்ணிப் பார்க்காததே அவன் செய்த பிழை.

மலேசியாவில் ஆண்டு முழுவதும் வெப்பம்தான். எனினும், சில மாதங்களில் அதன் கடுமை கூடுகிறது. 1998ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 40.1 பாகை செல்சியஸ் பதிவானது. ஓரிடத்தின் அதிகபட்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள்களுக்கு 35 முதல் 37 பாகை வரை இருந்தால், மலேசிய வானிலை ஆய்வுத் துறை முதல்நிலை எச்சரிக்கை விடுக்கிறது. அத்தகைய காலங்களில் பள்ளிகள் திடல் நடவடிக்கைகளைக் குறைத்துக்கொள்கின்றன. செல்லப்பிராணிகளுக்கோ எந்தச் சுற்றறிக்கையும் வருவதில்லை. அவற்றுக்காக நாம்தான் முடிவெடுக்க வேண்டும்.

நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது உடல் குளிர்கிறது. நாய்க்கும் பூனைக்கும் பெரும்பாலும் பாதங்களில் மட்டுமே வியர்க்கும். ஆகவே, நாய் நாக்கைத் தொங்கவிட்டு விரைவாக மூச்சு விடுகிறது. வாயிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரம் ஆவியாகி வெப்பத்தைத் தணிக்கிறது. நம் நாட்டைப் போல் காற்றில் ஈரப்பதம் மிகுந்த இடங்களில் இது மெதுவாகவே நடைபெறும். பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கும் பாரசீகப் பூனைகளுக்கும் இடர் இன்னும் அதிகம். முயல் தன் நீண்ட காதுகளின் வழியே வெப்பத்தை வெளியேற்றுகிறது. அடர்ந்த உரோமம் கொண்ட அதனால் கடும் வெப்பத்தைத் தாங்க இயலாது.

எனவே, செல்லப்பிராணி இருக்கும் இடத்தில் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளையும் நிழல் இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். எளிதில் கவிழாத கனமான இரண்டு கிண்ணங்களில் தண்ணீர் வைப்பது நன்று. பறவைக் கூண்டையும் முயல் கூண்டையும் காற்றோட்டமான இடத்திற்கு மாற்ற வேண்டும். நாயை அதிகாலையிலோ கதிரவன் மறைந்த பின்னரோ நடக்க அழைத்துச் செல்லலாம். அதற்கு முன், புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து வினாடி வைத்துப் பாருங்கள். உங்கள் கை தாங்காத சூட்டை அதன் பாதமும் தாங்காது. நிறுத்தி வைத்த மகிழுந்தினுள் எந்த விலங்கையும் சிறிது நேரம்கூட விட்டுச் செல்லக்கூடாது. சன்னலைச் சற்றுத் திறந்து வைத்தாலும் உள்ளே வெப்பம் விரைவாக ஏறிவிடும்.

நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறக்குறைய 38 முதல் 39 பாகை. அது 41 பாகையைத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிப்படையலாம். இடைவிடாத மூச்சிரைப்பு, ஒழுகும் எச்சில், தள்ளாட்டம், வாந்தி ஆகியவை அபாய அறிகுறிகள். பூனை வாயைத் திறந்து மூச்சிரைத்தால் அதனையும் அலட்சியப்படுத்தக் கூடாது. உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடலைக் குழாய்த் தண்ணீரால் நனைத்து, மின்விசிறியைச் சுழலவிட வேண்டும். தானாகக் குடித்தால் சிறிது சிறிதாகத் தண்ணீர் கொடுக்கலாம். வாயில் ஊற்றக் கூடாது. பிறகு தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

வெயில் மட்டும் அவற்றை வருத்துவதில்லை. ஏப்ரல், மே மாதங்களில் கொளுத்தும் பகலைத் தொடர்ந்து மாலையில் இடி முழங்குவதுண்டு. நாயின் செவித்திறன் நம்முடையதைவிடக் கூர்மையானது. கட்டப்பட்டிருக்கும் நாய் மிரண்டு ஓட முயன்றால் சங்கிலி அதன் கழுத்தை நெரிக்கலாம். அவ்வேளையில் அதனை வீட்டினுள் அழைத்து, திரைச்சீலைகளை மூடி, மின்விசிறியின் ஓசையோடு அமைதியாக இருக்க விடுங்கள். பயந்து ஒளிந்தால் அதட்டாதீர்கள்.

வளர்ப்பு விலங்குகளின் தேவைகளை நிறைவுசெய்வது உரிமையாளரின் கடமை என மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் கூறுகிறது. சட்டம் சொல்வதற்கு முன்பே நம் மனம் சொல்ல வேண்டிய கடமை இது.

அடுத்து வந்த விடுமுறை நாளில், அந்த மாணவன் நண்பகலில் நாயைக் கட்டிய அதே இடத்தில் ஐந்து நிமிடம் வெறுங்காலோடு நிற்க முயன்றான். ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. அன்றே நாயின் இடம் கூரையுள்ள பின்கட்டுக்கு மாறியது. சங்கிலி ஆணியில் தொங்கியது.