சிவப்பாகத் தெரியும் காடு

ஜீவனஹள்ளியில் எங்கள் மாலை வகுப்பு. ஒரு நாள் ஒரு காட்டின் படத்தைக் கொண்டுபோனேன். விமானத்திலிருந்து எடுத்த படம். படம் முழுக்க ஒரே சிவப்பு.

"என்ன கண்ணு, காடு தீப்பிடிச்சிடுச்சா?" என்று கேட்டார் ஓர் அக்கா.

தீ இல்லை. அது செழிப்பான காடு. பச்சை இலை எப்படிச் சிவப்பு ஆனது?

சூரிய ஒளியில் நம் கண்ணுக்குத் தெரியாத ஒளியும் உண்டு. அதில் ஒன்றின் பெயர் அகச்சிவப்பு ஒளி. நல்ல இலை இந்த ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். நோய் வந்த இலை குறைவாக அனுப்பும். நம் கண் இதைப் பார்க்காது. இதற்கென்று உள்ள கேமரா பார்க்கும். பார்த்ததைப் படத்தில் சிவப்பாகக் காட்டும்.

நம் நாட்டில் இதை முதலில் செய்து பார்த்தது தென்னந்தோப்பில்தான். கேரளத்தில் காயங்குளம் பக்கம் தென்னைக்கு வேர் வாடல் நோய் வந்திருந்தது. இந்த நோய் வந்தால் காய் குறையும். நாலு தென்னையை நம்பி இருக்கும் வீட்டில் அடுப்பு எரிவதே சிரமம். 1970ஆம் ஆண்டு பிஷரோட்டி என்ற விஞ்ஞானியின் குழு ஹெலிகாப்டரில் பறந்து அந்தத் தோப்புகளைப் படம் எடுத்தது. நல்ல மரம் நல்ல சிவப்பாகத் தெரிந்தது. நோய் வந்த மரத்தில் சிவப்பு மங்கி இருந்தது.

இப்படித் தொலைவில் இருந்தே அறிவதைத் தொலை உணர்வு என்கிறார்கள்.

பிறகு இந்த வேலை வெகுவாக வளர்ந்தது. 2015 டிசம்பரில் இஸ்ரோவும் அமெரிக்காவின் நாசாவும் சேர்ந்து விமானம் அனுப்பின. நீலகிரி மாவட்டத்து முதுமலைக் காட்டின் மேலும் அது பறந்தது. அதில் இருந்த கருவி, ஒளியை நானூறுக்கும் மேற்பட்ட கூறுகளாகப் பிரித்துப் பார்த்தது. தேக்கு இலை அனுப்பும் ஒளி வேறு, மூங்கில் இலை அனுப்பும் ஒளி வேறு. அதனால் எது எந்த மரம் என்றும் ஓரளவு பிரித்துச் சொல்லலாம்.

ஆனால் விமானம் ஏமாறவும் செய்யும். முதுமலையில் கோடையில் பல மரங்கள் இலை உதிர்க்கும். மேலிருந்து பார்த்தால் பட்ட மரம் போலத் தெரியும். பெரிய மரத்தின் அடியில் உண்ணிச்செடி புதராக மண்டிக் கிடந்தாலும் மேலே தெரியாது. அது மண்டினால் மானுக்குப் புல் கிடைக்காது.

அதனால் தரையிலும் ஆள் போகவேண்டும். நம் ஊர் டாட்டா இன்ஸ்டிடியூட், அதாவது இந்திய அறிவியல் கழகம், 1988இல் முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டைத் தேர்ந்தெடுத்தது. சுமார் 125 ஏக்கர். அங்கே மரங்களுக்கு எண் போட்டு, சுற்றளவு அளந்து, எது செத்தது, எது புதிதாக முளைத்தது என்று எழுதிவருகிறார்கள். யானை நடமாடும் காடு அது. விமானப் படம் சொல்வது சரியா என்று பார்க்க இப்படிப்பட்ட கணக்குதான் உதவும்.

இவ்வளவும் கேட்ட அக்கா, "நம்ம தெருவை அப்படிப் படம் எடுத்தா?" என்றார்.

"கூரையெல்லாம் நீலச் சாம்பல் நிறமா இருக்கும் அக்கா. நடுவுல அங்கங்க சிவப்புப் புள்ளி."

"புள்ளிதான் மரமா?"

"ஆமாம்."

அவர் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். ஒரு வேம்பு, ஒரு புங்கை, இரண்டு தென்னை.