கொல்கத்தாவில் அரசு ஆவணம் கேட்போருக்கு

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அனுப்பும் மனு, சிறு குறைகளால் திரும்பி வராமலிருக்க:

1. அலுவலகம் மாநில அரசைச் சார்ந்ததா, மத்திய அரசைச் சார்ந்ததா என முதலில் அறிக. மாநகராட்சி மனுவில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம், கிழக்கு ரயில்வேக்கோ அஞ்சல் ஆணை இணைப்பது வழக்கம்.

2. வங்காளத்திலோ ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதுக. தமிழ் மனுவை ஏற்கும் கடமை அங்குள்ள அலுவலருக்கு இல்லை.

3. “ஏன்” என வினவாது, ஆவணத்தின் பெயரையும் ஆண்டையும் குறித்து நகல் கேட்க. பொதுத் தகவல் அலுவலர், அதாவது விடையளிக்கும் பொறுப்பாளர், இருக்கும் பதிவைத் தருவாரேயன்றி விளக்கம் எழுதித் தரக் கடமைப்பட்டவர் அல்லர்.

4. வீட்டு முகவரி தர அஞ்சுவோர் அஞ்சல் பெட்டி எண்ணைத் தருக. அதுவே போதும் என்றும், இடர்ப்பாடு எழுந்து அலுவலகம் கூடுதல் விவரம் கேட்டாலும் அதை இணையத்தில் வெளியிடலாகாது என்றும் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2013 நவம்பரில் கூறியது.

5. 30 நாளில் விடை வராவிடில், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுக. காலம் கடந்தால் தாமதத்திற்குத் தக்க காரணம் காட்ட நேரும்.