ஓடப் பழகியாயிற்று, இனி வாரம் எத்தனை நாள்?

கோலார் தங்கவயல் கர்நாடக மாநிலத்தில் உள்ள ஊர். ஒரு காலத்தில் உலகின் மிக ஆழமான தங்கச் சுரங்கங்களில் ஒன்று இங்கே இருந்தது. தரைக்குக் கீழே 3 கிலோமீட்டர் ஆழம் வரை ஆட்கள் இறங்கி வேலை செய்தார்கள். அவர்களில் மிகப் பலர் தமிழ் பேசுகிறவர்கள். 2001 பிப்ரவரி மாதக் கடைசியில் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போயிற்று. அதன் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவுதான் வீடு திரும்புகிறார்கள்.

அந்த ஊரில் ஒரு லைன் வீடு. அப்பா ரயிலுக்குப் போய்விடுவார். அம்மாவுக்கு வயது 41. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். நாள் முழுவதும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்த வேலை. இரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னார்கள். மாத்திரை இன்னும் கொடுக்கவில்லை. "உடம்பை அசைக்கணும்மா" என்று சொல்லி அனுப்பினார்கள்.

மகளுக்கு வயது 19. பி.யூ.சி. முடித்தவள். மத்திய ஆயுதக் காவல் படையில் சேர ஆசை. பணியாளர் தேர்வாணையம் நடத்தும் அந்தத் தேர்வில் ஓட்டமும் உண்டு. பெண்கள் 1.6 கிலோமீட்டர் தூரத்தை 8½ நிமிடத்தில் ஓட வேண்டும். ஆண்கள் 5 கிலோமீட்டரை 24 நிமிடத்தில் ஓட வேண்டும். எழுத்துத் தேர்வில் எத்தனை மதிப்பெண் வாங்கினாலும் இதில் தவறினால் வேலை இல்லை. அப்பாவின் ரயில் பயணம் என்றைக்காவது நிற்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

இருவரும் சேர்ந்தே ஓடக் கற்றுக்கொண்டார்கள். ஒன்பது வாரப் பயிற்சி அது. 1996ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜாஷ் கிளார்க் என்ற இளைஞர், தன் தாயை மனதில் வைத்து இப்படி ஒரு திட்டம் போட்டார். இன்று உலகம் முழுவதும் அது பரவியிருக்கிறது. முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை. இப்படி மாறி மாறிச் செய்ய வேண்டும். வாரத்துக்கு 3 நாள் மட்டும். வாரம் போகப் போக ஓட்டம் கூடும், நடை குறையும். கடைசி வாரம் 30 நிமிடம் நிற்காமல் ஓடலாம்.

ஒன்பதாம் வாரம் முடிந்தது. இருவராலும் 30 நிமிடம் ஓட முடிந்தது. அம்மா வேகமாக ஓடவில்லை. ஆனால் நிற்கவில்லை.

சிக்கல் அதற்குப் பிறகுதான் வந்தது. திட்டம் இருந்தவரை எந்த நாள் ஓட வேண்டும், எந்த நாள் ஓய்வு என்று எழுதியிருந்தது. இப்போது தாளில் ஒன்றும் இல்லை. அம்மா தைப்பதில் மூழ்கிவிட்டார். "அதான் முடிஞ்சுதே" என்றார். மகளோ தினமும் ஓடத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. மூன்று நாளில் இவ்வளவு முன்னேற்றம் என்றால் ஏழு நாளில் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டாள். வேகத்தையும் கூட்டினாள்.

கணக்கு பார்க்கச் சரியாகத்தான் தோன்றும். உடம்பு அந்தக் கணக்கில் நடப்பதில்லை.

மூன்றாவது வாரம் அவளுக்கு முழங்காலுக்குக் கீழே, முன்பக்க எலும்பின் உள் ஓரத்தில் வலி எடுத்தது. முதலில் ஓடத் தொடங்கும்போது வலிக்கும், பிறகு மறையும். சில நாளில் ஓடி முடித்த பின்னும் வலித்தது. வீட்டில் சொல்லவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு அவள் நொண்டி வருவதை அம்மா பார்த்துவிட்டார்.

"என்னடி கால்ல?"

"ஒண்ணும் இல்லம்மா. பரீட்சைக்கு நாளு கம்மியா இருக்கு. நிறுத்தினா பழசு எல்லாம் போயிடும்."

அம்மா விடவில்லை. சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார். நர்ஸ் காலை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஒரே இடத்துல குத்துற மாதிரி வலிக்குதா, நீளமா வலிக்குதா?"

"நீளமா வலிக்குது சிஸ்டர்."

"ராத்திரி படுத்திருக்கும்போது வலி உண்டா?"

"இல்ல சிஸ்டர்."

"ஒத்தக்கால்ல குதிச்சுப் பாரு."

குதித்தாள். லேசான வலிதான்.

நர்ஸ் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் இருக்கிறது. ஒரு விரல் வைக்கும் இடத்தில் மட்டும் கடுமையாக வலித்தால், இரவில் சும்மா படுத்திருந்தாலும் வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்கவே முடியாவிட்டால், எலும்பில் மெல்லிய விரிசல் விழுந்திருக்கலாம். அப்படியானால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். இந்த விரிசல் ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். "எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது, ஓடலாம்" என்று நாமே முடிவு செய்துவிடக் கூடாது. விரிசல் ஆற இரண்டு மாதம் வரை ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம். தேர்வு நெருங்கும்போது இரண்டு மாதம் போனால் என்ன ஆகும் என்று மகளுக்குத் தெரியும். அவள் முகம் வாடியது.

டாக்டரும் பார்த்தார். விரிசல் இல்லை. எலும்பை ஒட்டிய பகுதி புண்பட்டிருக்கிறது என்றார். வலி நிற்கும் வரை ஓட்டம் வேண்டாம். வலிக்காத அளவு நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம்.

நர்ஸ் இன்னொன்றும் தனியாகக் கேட்டார். "மாதவிலக்கு ஒழுங்கா வருதா? வயிறு நிறையச் சாப்பிடுறியா?" நிறைய ஓடி, குறைவாகச் சாப்பிடும் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப் போகும், நின்றும் போகும். அப்போது எலும்பும் பலம் குறையும். உடம்பு இளைத்தால் வேகம் வரும் என்று பட்டினி கிடப்பது கெடுதல். கேழ்வரகுக் களி, கீரை, பயறு, முட்டை, பால் என்று வீட்டில் எது முடிகிறதோ அதை ஓடுகிற நாளில் கூடுதலாகவே சாப்பிட வேண்டும். தங்கவயல் பக்கம் கேழ்வரகுக்குப் பஞ்சம் இல்லை.

தினமும் ஓடினால் ஏன் இப்படி ஆகிறது? மைதானத்தில் ஒரு பெரியவர் தினமும் நடக்க வருவார். முன்னாள் சுரங்கத் தொழிலாளி. அந்தக் காலத்தில் கால்பந்து ஆடியவர். அவர் சொன்ன விளக்கம் எளிதாக இருந்தது.

"பாப்பா, சுரங்கத்துல வெடி வெச்ச உடனே யாரும் உள்ளே போக மாட்டோம். புகை அடங்கணும். மேலே கல்லு ஆடுதான்னு தட்டிப் பார்க்கணும். முட்டுக் கொடுக்கணும். அப்புறம்தான் அடுத்த வேலை. அவசரப்பட்டவன் மேலே கல்லு விழும். காலும் அப்படித்தான். ஓடுறது வெடி வைக்கிற மாதிரி. முட்டுக் கொடுக்கிறது ஓய்வு நாள்ல நடக்குது."

அவர் சொன்னது உண்மை. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. அதனால் எலும்பில் கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் உண்டாகிறது. உடம்பு தேய்ந்த இடத்தை முதலில் சுரண்டி எடுக்கிறது. பிறகு புது எலும்பை வைத்துக் கட்டுகிறது. பழைய சுவரை இடித்துக் கட்டுவது போல. இடித்தபின், கட்டி முடிப்பதற்கு முன், சுவர் பலம் குறைந்துதான் இருக்கும். கட்டி முடிய சில மாதங்கள் ஆகும். ஆனால் மூச்சும் இதயமும் சில வாரத்திலேயே பழகிவிடும். புதிதாக ஓடுகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். மூச்சு வாங்கவில்லையே, இன்னும் ஓடலாம் என்று நினைக்கிறார்கள். மூச்சு சரி என்று சொல்லும். எலும்பு இன்னும் தயாராகியிருக்காது.

ஆகவே பயிற்சி முடிந்த உடனே நாளைக் கூட்ட வேண்டாம். அடுத்த ஒரு மாதம், ஒன்றரை மாதம் அதே 3 நாள் ஓடலாம். இடையில் ஒரு நாள் விட்டு ஓட வேண்டும். செவ்வாய், வியாழன், சனி என்று வைத்துக்கொள்ளலாம். அதே 30 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம். பேச முடியாமல் மூச்சு இரைத்தால் வேகம் அதிகம் என்று பொருள்.

அது எளிதான பிறகு ஒன்றைக் கூட்டலாம். ஒரு நாள் மட்டும் 35 நிமிடம் ஓடலாம். அல்லது நாலாவது நாளாக ஒரு 15, 20 நிமிடம் சேர்க்கலாம். நாள், நேரம், வேகம் மூன்றையும் ஒன்றாகக் கூட்டுவதுதான் மகள் செய்தது.

வாரம் 2 நாள்தான் முடியும் என்றால்? அதுவும் போதும், பழகியது கையை விட்டுப் போகாது. முன்னேற்றம் மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். ஒரு நாள் மட்டும் என்றால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓடுவது போல உடம்பு வலிக்கும். ஐந்து, ஆறு நாள் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் வருடக்கணக்கில் பழகியவர்கள். அவர்களைப் பார்த்துச் செய்ய வேண்டியதில்லை.

நிறுத்தினால் பழசு போய்விடும் என்று மகள் பயந்தாளே, அது எவ்வளவு உண்மை? காய்ச்சல் வந்து ஒரு வாரம் ஓடாவிட்டால் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஒன்றுமே செய்யாவிட்டால் தெம்பு குறையத் தொடங்கும். சைக்கிள் மிதித்தால் அந்தக் குறைவும் பெரிதாகத் தெரியாது. அவளும் பக்கத்து வீட்டு சைக்கிளை வாங்கி மிதித்தாள்.

இனி அம்மாவுக்கு வருவோம். அவர் நிறுத்தியது அவருக்கு நல்லதல்ல. ஓடும்போது உடம்பின் தசைகள் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துச் செலவு செய்கின்றன. ஓடி முடித்த பிறகும் ஒரு நாள், இரண்டு நாள் வரை அந்தப் பலன் இருக்கும். பிறகு போய்விடும். அதனால் சர்க்கரை உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது. சனி, ஞாயிறு சேர்த்து ஓடிவிட்டு ஐந்து நாள் உட்காருவதைவிட, இடைவிட்டு மூன்று நாள் ஓடுவது மேல். ஓடாத நாளில் நடக்கலாம். தையல் வேலைக்கு நடுவே எழுந்து தெருமுனை வரை போய் வந்தாலும் நல்லது.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் ஓர் அளவு சொல்லியிருக்கிறது. வேக நடை என்றால் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது வேண்டும். ஓட்டம் போன்ற கடின உழைப்பு என்றால் 75 நிமிடமாவது வேண்டும். அம்மா மூன்று நாள் 30 நிமிடம் ஓடினால் 90 நிமிடம் ஆகிறது. அளவுக்கு மேலேயே இருக்கிறது. அவர் ஏழு நாள் ஓட வேண்டிய தேவையே இல்லை. இதைக் கேட்ட பிறகுதான் அவர் மீண்டும் செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ போட்டார். (சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும். ஓடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கக் கூடும். வெல்லமோ மிட்டாயோ கையில் இருக்கட்டும். நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால் உடனே நிற்க வேண்டும்.)

ஓடும் இடமும் முக்கியம். தங்கவயலில் சுரங்கக் கழிவு மலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. ஊரார் அதைச் சயனைடு மேடு என்பார்கள். காற்றடிக்கும் நாளில் அந்தத் தூசி பறக்கும். அந்தப் பக்கம் ஓடக் கூடாது. சாலையில் ஓடுவதானால் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி ஓட வேண்டும். பஞ்சாப்பைச் சேர்ந்த ஃபௌஜா சிங் என்ற பெரியவர் முதிர்ந்த வயதில் மாரத்தான் ஓட்டத்துக்கு வந்து உலகப் புகழ் பெற்றார். 2013இல் போட்டிகளை விட்டார். நடப்பதை விடவில்லை. 2025 ஜூலையில் ஜலந்தர் அருகே தன் சொந்த ஊர்ச் சாலையைக் கடக்கும்போது வண்டி மோதி இறந்தார். வயது 114 என்றார்கள். எத்தனை உறுதியான காலாக இருந்தாலும் வண்டிக்கு முன் ஒன்றுமில்லை.

மகளின் வலி மூன்று வாரத்தில் நின்றது. இப்போது வாரம் 3 நாள்தான் ஓடுகிறாள். வலி இல்லாமல் ஒரு மாதம் போனால் நாலாவது நாள் சேர்க்கலாம் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அந்த நாலில் ஒரு நாள் மட்டும் வேகம், மற்ற நாள் மெதுவான ஓட்டம். தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. சுவரில் தொங்கும் காலண்டரில் அம்மா சிவப்பு நூல்கண்டு நிறத்தில் பேனாவால் வட்டம் போடுகிறார். வட்டம் போட்ட நாள் ஓட்டம். வட்டம் இல்லாத நாளில் மகள் ஷூவைத் தொட்டால் சத்தம் போடுகிறார்.

பயிற்சி

1. உங்கள் வீட்டுக் காலண்டரில் இந்த மாதத்தை எடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாளாக வாரத்துக்கு 3 நாள் வட்டம் போடுங்கள். மாதத்தில் மொத்தம் எத்தனை வட்டம்?

2. ஒரு பெண் செவ்வாய் 30 நிமிடம், வியாழன் 25 நிமிடம், சனி 35 நிமிடம் ஓடினார். மொத்தம் எத்தனை நிமிடம்? 75 நிமிடத்தைவிட எவ்வளவு அதிகம்?

3. மைதானத்தின் ஒரு சுற்று 400 மீட்டர். 1.6 கிலோமீட்டருக்கு எத்தனை சுற்று? மொத்த நேரம் 8½ நிமிடம், அதாவது 510 விநாடி. ஒரு சுற்றை எத்தனை விநாடிக்குள் ஓட வேண்டும்?