ஆய்வு மாநாடும் நம்ம குழு நோட்டும்



பல்கலைக்கழகங்களில் வருடா வருடம் ஆய்வு மாநாடு நடக்கும். "அது படிச்சவங்க விஷயம், நமக்கு எதுக்கு?" என்று நினைக்காதீங்க. அங்கே பேசப்படுவது நம் தண்ணீரும் நம் கூலியும்தான்.

மாநாடு என்றால் என்ன?

பேராசிரியர்களும் மாணவர்களும் ஆய்வு செய்ததைக் கட்டுரையாக வாசிப்பார்கள். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். வாய்ச்சொல் போதாது, கணக்கு காட்ட வேண்டும். 2017 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பெண்கள் நிலை பற்றிய தேசிய ஆய்வு மாநாடு ஒன்று நடந்தது.

கணக்கினால் என்ன நடக்கும்?

நம்ம பக்கத்து மணலியைப் பாருங்கள். 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து, நாட்டில் 88 தொழிற்பகுதிகளின் காற்று, தண்ணீர், நிலத்துக்கு மதிப்பெண் போட்டன. இது பள்ளிக்கூட மார்க் இல்லை, கூடக்கூட கெடுதல். 70-ஐத் தாண்டினால் கடும் மாசு. மணலிக்கு வந்தது 76.32. இப்படி 43 இடங்கள். 2010 ஜனவரியில் அந்த இடங்களில் புதிய ஆலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவதை மத்திய அரசு தற்காலிகமாக நிறுத்தியது. மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்த கஷ்டம் எண்ணாக மாறியதும் அரசு கவனித்தது.

நாம் செய்ய வேண்டியது

1. சேமிப்பு, கடன் எழுதுவது போல இதையும் தேதி போட்டு எழுதுங்கள்: போர் தண்ணீர் எப்போது நிறம் மாறியது, சிப்காட் கம்பெனியில் ஒப்பந்த வேலைக்கு என்ன கூலி, எத்தனை மணி நேரம்.

2. சர்வே எடுக்க வருபவரிடம் கேளுங்கள்: யார் அனுப்பினாங்க? எதற்கு? முடிவை எங்களுக்குத் தமிழில் எப்போ சொல்வீங்க? பிறகு உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். லோன் கிடைக்கும் என்று கூட்டியோ குறைத்தோ சொன்னால் கணக்கே தப்பாகிவிடும். "என் பேர் வேண்டாம்" என்றும் சொல்லலாம்.

3. அந்த நோட்டோடு கிராம சபைக்குப் போங்கள். பல பெரிய ஆலைகள் வருவதற்கு முன் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும் என்பது 1997 முதல் உள்ள விதி. 30 நாள் முன்பே பேப்பரில் அறிவிப்பு வரும். கலெக்டரோ அவர் சார்பில் வரும் அதிகாரியோ தலைமை வகிப்பார். நாம் பேசுவது வீடியோவில் பதிவாகும். பேசியதை எழுதி, கூட்டம் முடியும்போது நம் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். விட்டுப்போனால் அங்கேயே சொல்லுங்கள்.

குழுவில் கலந்து பேச:

* நம் ஊரில் முதலில் எதைக் கணக்கெடுக்கலாம்?
* யார் எழுதுவது, எந்தக் கிராம சபையில் யார் பேசுவது?