லேசரில் வெட்டும் முன்... போர்டின் பேரைக் கேளுங்க!

பள்ளியில் கண்காட்சி என்று நோட்டீஸ் வந்துவிட்டால் போதும், வீடே ரெண்டுபடும். அரியலூர்ப் பக்கத்துப் பிள்ளை கங்கைகொண்ட சோழபுரம் விமானம் செய்யணும் என்பான். பெரம்பலூர்ப் பிள்ளை ரஞ்சன்குடிக் கோட்டை வேணும், சாத்தனூர் கல்மரம் வேணும் என்று அடம்பிடிப்பாள். முன்பெல்லாம் தெர்மகோல், பிளேடு, பசை, அப்பாவின் ராத்தூக்கம்... இதோடு வேலை முடிந்துவிடும். இப்போது, ‘லேசர் கட்டிங் கடையில் கொடுத்தா அரை மணியில கச்சிதமா வெட்டிக் கொடுத்துடுவாங்கம்மா’ என்கிறார்கள் பிள்ளைகள்.

நல்ல விஷயம்தான். விரலில் பிளேடு படாது. ஆனால், கடைக்குப் போகும் முன் அப்பா அம்மா தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. எந்த வேகத்தில் வெட்டுவது என்பது இரண்டாவது கேள்வி. எதை வெட்டுகிறோம் என்பதுதான் முதல் கேள்வி!

லேசர் கத்தி இல்லை, நெருப்பு

கடைகளில் அதிகம் இருப்பது கார்பன் டை ஆக்சைடு லேசர். 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்டுபிடித்தவர் குமார் படேல், மகாராஷ்டிராவின் பாராமதியில் பிறந்தவர். இதே வகை லேசர் ஆபரேஷன் தியேட்டரிலும் பயன்படுகிறது. இதன் கதிர் கண்ணுக்குத் தெரியாது. ஒரு புள்ளியில் சூட்டைக் குவித்து, பொருளை உருக்கி, ஆவியாக்கித்தான் வெட்டுகிறது. அதாவது, வெட்டிய கோட்டில் இருந்த பொருள் அத்தனையும் புகையாகிறது. அந்தப் புகையில் என்ன இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது போர்டின் ஜாதகம்.

ஒரே பெயரில் இரண்டு ஆசாமிகள்

‘ஃபோம் போர்டு குடுங்க’ என்று கேட்டால் இரண்டில் ஒன்று கைக்கு வரலாம்.

முதலாவது, இரண்டு காகிதங்களுக்கு நடுவே பாலிஸ்டைரீன் நுரை வைத்தது. தெர்மகோலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். ஓரத்தைப் பார்த்தால் சாண்ட்விச் மாதிரி காகிதம், நுரை, காகிதம் என்று தெரியும்.

இரண்டாவது, விளம்பரப் பலகைக்குப் பயன்படும் ‘சன்போர்டு’. இது பொதுவாக பி.வி.சி. நுரை. காகிதமே இருக்காது. ஒரே உடம்பு, கெட்டியாக, வழவழப்பாக இருக்கும்.

இந்த இரண்டாவது ஆசாமியை லேசர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பி.வி.சி. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கண்ணிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் உள்ள ஈரத்தில் அது கரைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிவிடும். மெஷினின் இரும்பையே துருப்பிடிக்க வைக்கும் வாயு, பிள்ளையின் நெஞ்சை என்ன பாடுபடுத்தும்! ஃபிளெக்ஸ் பேனர், வினைல் ஸ்டிக்கர், பி.வி.சி. பூசிய ரெக்ஸின் எல்லாமே இந்தக் குடும்பம்தான். சன்போர்டுதான் வேண்டுமென்றால் கட்டரால் கையில் வெட்டிக்கொள்ளலாம்.

சந்தேகமாக இருக்கிறதா? பெரியவர்கள் மட்டும், திறந்தவெளியில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. மேலுறை நீக்கிய செம்புக் கம்பியைக் குறடால் பிடித்து நெருப்பில் நன்றாகச் சூடாக்குங்கள். அதைப் பிளாஸ்டிக்கில் தொட்டு எடுத்து மறுபடி நெருப்பில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் குளோரின் இருக்கிறது. அந்தப் போர்டு லேசருக்கு ஆகாது. புகையை முகர வேண்டாம்.

சரி, செட்டிங் எப்படி?

பவர், வேகம், ஃபோகஸ். இந்த மூன்றும்தான் முக்கியம். தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். தீ எவ்வளவு என்பது பவர். மாவு கல்லில் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பது வேகம். தீயைக் கூட்டி நேரத்தையும் கூட்டினால் கருகத்தானே செய்யும்?

கணக்கு எளிது. வாட்டை வேகத்தால் வகுத்தால், ஒரு மில்லிமீட்டர் கோட்டுக்கு எத்தனை ஜூல் சூடு போகிறது என்று கிடைக்கும். 40 வாட் மெஷினில் தொடக்கத்துக்கு இப்படி வைத்துப் பார்க்கலாம்:

சார்ட் அட்டை: பவர் 15 சதவீதம், வேகம் நொடிக்கு 60 மி.மீ. சூடு 0.1 ஜூல்.

5 மி.மீ. காகித ஃபோம் போர்டு: பவர் 25 சதவீதம், வேகம் 25 மி.மீ. சூடு 0.4 ஜூல்.

3 மி.மீ. அக்ரிலிக்: பவர் 60 சதவீதம், வேகம் 8 மி.மீ. சூடு 3 ஜூல்.

கடைசி இரண்டையும் கவனித்தீர்களா? அக்ரிலிக்குக்கு வைத்த செட்டிங்கை மாற்றாமல் ஃபோம் போர்டை உள்ளே வைத்தால் ஏழு மடங்குக்கு மேல் சூடு! பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரியிலேயே இளகிவிடும், சட்டென்று தீயும் பிடிக்கும். அதனால் ஸ்டார்ட் பட்டனை அழுத்தும் முன், ‘அண்ணே, செட்டிங் மாத்திட்டீங்களா?’ என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

மெஷினுக்கு மெஷின் இந்த எண்கள் மாறும். ஆகவே, அதே போர்டின் ஓரத்தில் 2 செ.மீ. சதுரங்களாக வெட்டிப் பாருங்கள். பவரை மாற்றாமல் வேகத்தை மட்டும் 40, 35, 30, 25 என்று குறைத்து வாருங்கள். எந்தச் சதுரம் முதலில் தானாகக் கழன்று விழுகிறதோ, அதுதான் சரியான வேகம். அதற்கு மேல் கொடுக்கும் சூடெல்லாம் புகைக்கும் தீக்கும்தான் போகும்.

நுரை ஓரத்தில் கொஞ்சம் உள்வாங்குவது இயல்பு. அதிகமாகக் குழிந்தால் சூடு ஜாஸ்தி என்று அர்த்தம். மெதுவாக ஒரு தடவை வெட்டுவதைவிட, வேகமாக இரண்டு தடவை ஓட்டுவது நல்லது. வெட்டும் இடத்தில் காற்று ஊதும் ‘ஏர் அசிஸ்ட்’ ஓடியே ஆகவேண்டும். ஃபோகஸ் உயரத்தை ஒவ்வொரு போர்டுக்கும் புதிதாக அளக்க வேண்டும்.

உடம்பைக் காக்க...

அக்ரிலிக், எம்.டி.எஃப்., ஃபோம் போர்டு இவற்றை லேசரில் வெட்டலாம். அதற்காக அந்தப் புகையைச் சுவாசிக்கலாம் என்று அர்த்தமில்லை. எம்.டி.எஃப். பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடும், ஃபோம் போர்டிலிருந்து ஸ்டைரீனும் வரும். புகைக் குழாய் வெளியே, ஜன்னல் இல்லாத பக்கமாகப் போகிறதா என்று பாருங்கள். வெட்டி முடித்ததும் ஓரிரு நிமிடம் மூடியைத் திறக்க வேண்டாம். ஆஸ்துமா, இளைப்பு உள்ள குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்த அறைக்குள் போகாமல் இருப்பது நல்லது. என்95 மாஸ்க் துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

மெஷின் ஓடும்போது ஆள் நகரக் கூடாது. பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். வீட்டில் வாங்கி வைக்கும் சின்ன நீல லேசர்களில் பல மூடி இல்லாமல் வருகின்றன. அந்த ஒளிக்கென்றே உள்ள கண்ணாடி கட்டாயம் வேண்டும், சாதாரணக் கூலிங் கிளாஸ் உதவாது.

புகை ஏறிவிட்டால் உடனே வெளிக்காற்றுக்கு அழைத்து வாருங்கள். கண் எரிந்தால் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். இருமல் நிற்காவிட்டாலோ, மூச்சு இரைத்தாலோ, நெஞ்சு இறுக்கிப் பிடித்தாலோ ‘சரியாப் போயிடும்’ என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். பி.வி.சி. புகை பட்டிருந்தால், சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத்திணறல் வரலாம். என்ன போர்டு வெட்டினீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

மாடலுக்குப் பரிசு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். போர்டு வாங்கும் கடையில் ‘இது பி.வி.சி.யா?’ என்று கேட்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பதில் தெளிவாக வராவிட்டால், அன்றைக்குக் கத்தரிக்கோலும் சார்ட் அட்டையுமே போதும்!