முள் ஏன் பொய் சொன்னது?



ஓம் விதியை வகுப்பில் மனப்பாடம் செய்தேன். புரிந்தது பேசின் பிரிட்ஜ் லாரி ஷெட்டில்தான். அங்கே என் தாத்தா ஓட்டிய பழைய லேலண்ட் காமெட் நிற்கிறது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-ல் அசோக் லேலண்ட் ஆன நம்ம எண்ணூர் கம்பெனியின் வண்டி.

கோளாறு என்ன?

பகலில் டீசல் முள் பாதி டேங்க் காட்டும். லைட் சுவிட்சைப் போட்டால் கீழே இறங்கிவிடும். டாஷ்போர்டு பல்புகளும் கொஞ்சம் மங்கல். பார்த்த ஒருவர், "வயரிங் மொத்தமா மாத்தணும், இல்லன்னா காயலான் கடைதான்" என்று சொல்லிவிட்டார். தாத்தா அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்லை. எலக்ட்ரீஷியன் வேலை செய்யும் என் மாமா மட்டும், "மொதல்ல எர்த்த பாருடா" என்றார்.

சோதனை

லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடர் இணைப்பில் இருக்கும். ஆகவே 24 வோல்ட். மல்டிமீட்டரின் ஒரு முனையை டாஷ்போர்டு எர்த் போல்ட்டிலும், மறுமுனையை சேசிஸிலும் வைத்தோம்.

லைட் போடாதபோது: 0.2 வோல்ட்
லைட் போட்டதும்: 1.2 வோல்ட்
கூடியது: 1 வோல்ட்

டாஷ்போர்டில் 3 வாட் பல்புகள் நான்கு. மொத்தம் 12 வாட்.
மின்னோட்டம் = 12 ÷ 24 = 0.5 ஆம்பியர்
மின்தடை = 1 ÷ 0.5 = 2 ஓம்

நல்ல எர்த்தில் பத்தில் ஒரு ஓம் கூட இருக்கக் கூடாது. இங்கே 2 ஓம்! காரணம் துரு.

முள் ஏன் இறங்கியது?

டீசல் மீட்டருக்குள் இரண்டு சுருள்கள். ஒன்று முள்ளை 'காலி' பக்கம் இழுக்கும், இன்னொன்று 'ஃபுல்' பக்கம். 'ஃபுல்' சுருளின் மின்னோட்டம் அந்தத் துரு பிடித்த போல்ட் வழியாகத்தான் போகணும். பல்புகளின் மின்னோட்டமும் அதே வழியில் வந்தால் அந்தச் சுருள் பலம் குறையும். முள் சரியும். டேங்கில் டீசல் அப்படியேதான் இருக்கும்!

சரிசெய்த முறை

1. பேட்டரியின் எர்த் கேபிளை முதலில் கழற்றினோம். மற்றதை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும்.
2. போல்ட்டையும் தகட்டையும் உப்புத்தாளால் பளபளன்னு தேய்த்தோம்.
3. புது லக் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம்.
4. எர்த் கேபிளைக் கடைசியில் மாட்டினோம்.

நினைவில் கொள்க: ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ செம்புக் கம்பி சுற்றி வைத்திருந்தார்கள். ஷார்ட் ஆனால் ஃபியூஸுக்குப் பதிலா வயரே எரியும். அதையும் மாற்றினோம்.

மறுபடி லைட் போட்டோம். முள் அசையவில்லை. தாத்தா நம்பாமல் டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தார். பாதி! முள்ளும் குச்சியும் ஒரே கணக்கு. "காயலான் கடைக்காரன வர வேணாம்னு சொல்லிடு" என்றார்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 24 வோல்ட், 3 வாட் பல்பு எரியும்போது அதன் மின்தடை என்ன?
(விடை: 192 ஓம். எப்படி வந்தது என்று போட்டுப் பாருங்கள்!)

— பத்தாம் வகுப்பு மாணவன்