கணிப்பொறி நிலையம்

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் வழியில், செய்யாற்றின் கரையில் அமைந்துள்ளது மாகறல் என்னும் சிற்றூர். திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற பழம்பதி அது. இவ்வூரிலும் இதனை ஒத்த பிற சிற்றூர்களிலும் பிறந்து வளர்ந்த மாணவர்கள், பள்ளிப் படிப்பு முடிந்தபின் காஞ்சிக்கும் சென்னைக்கும் சென்று கல்லூரிகளிற் சேர்கின்றனர். சேர்ந்த சில நாள்களுக்குள்ளேயே அவர்கள் ஒரு புதுமையை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. கட்டணம் செலுத்துதல், தேர்வுக்கு விண்ணப்பித்தல், நூலகத்தில் நூல் தேடுதல், ஆசிரியர் தரும் பாடக்குறிப்பைப் பெறுதல் ஆகிய பலவும் இன்று கணிப்பொறியின் வாயிலாகவே நிகழ்கின்றன. கைப்பேசியிற் பழகிய மாணவரும் கல்லூரிக் கணிப்பொறியின்முன் முதன்முறை அமரும்போது திகைப்பதுண்டு. கடவுச்சொல் ஏற்கப்படுவதில்லை, திரையில் ஓர் ஆங்கிலத் தொடர் தோன்றுகிறது, அதன் பொருள் விளங்குவதில்லை. அருகில் இருப்பவரைக் கேட்கலாம். கேட்டால் நகைப்பாரோ என்னும் நாணம் தடுக்கிறது. எழுந்து விடுதிக்குத் திரும்பிவிடும் மாணவரும் உளர்.

இத்தகைய மாணவருக்குத் துணை நிற்பதற்கென்றே கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கணிப்பொறி நிலையங்கள் அமைந்தன. பொறிகளைக் காப்பது அவற்றின் பணிகளுள் ஒன்று. பொறியை நாடி வருவோருக்கு வழி காட்டுவது மற்றொன்று. இவற்றுள் இரண்டாவதே அரியது. பூட்டிய அறையுள் குளிரூட்டப்பட்டுப் பளபளக்கும் பொறியால், வாயிலில் நின்று மீளும் மாணவருக்கு யாது பயன்?

இவ்வினா கணிப்பொறிக்கு முன்னரே நூலகத்தைக் குறித்து எழுந்த ஒன்றாகும். 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றவர் சீர்காழியிற் பிறந்த சி. இரா. அரங்கநாதன். கணக்காசிரியராயிருந்து நூலகராக மாறியவர் அவர். நூல்கள் காவல் காக்கப்படுவதற்காக உள்ளவை அல்ல என்பதும், பயன்படுத்தப்படுவதற்கே உள்ளவை என்பதும் அவர்தம் கொள்கை. ஐரோப்பாவில் இடைக்காலத்தில் நூல்களைச் சங்கிலியாற் பிணைத்து வைத்திருந்த வழக்கத்தை அவர் தம் நூலில் எடுத்துக்காட்டினார். படிப்போர் தாமே அடுக்குகளினூடே சென்று நூலைத் தேர்ந்தெடுக்க இடமளித்தார். நூலை நாடி வருபவருக்கு உடனிருந்து உதவுவதை நூலகரின் தலையாய கடமையாகக் கருதினார். நூலகத்திற்கு அவர் கண்ட நெறியைக் கணிப்பொறிக்கும் பொருத்திப் பார்க்கும் காலம், அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்தது.

இந்தியாவிற்குக் கணிப்பொறி முதன்முதல் வந்து சேர்ந்தது 1955ஆம் ஆண்டில்; கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு. எனினும் மாணவர்கள் பெருமளவிற் கற்கும் ஒரு கல்விக்கூடத்தில் அது வேரூன்றியது 1963ஆம் ஆண்டில், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் எனலாம். அங்கு நிறுவப்பெற்ற ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறியை மாணவர்களும் அணுகிப் பயன்படுத்த இடமளிக்கப்பட்டது. பொறி வந்த அவ்வாண்டிலேயே, பிற கல்லூரிகளிலிருந்தும் ஆய்வுக்கூடங்களிலிருந்தும் வருவோருக்குப் பத்து நாள் பயிற்சி வகுப்புகள் தொடங்கப்பெற்றன. இவ்வகுப்புகளை நடத்தியவர்களுள் ஒருவர், 1933இல் ஈரோட்டிற் பிறந்த பேராசிரியர் வி. இராசாராமன். கணிப்பொறிக்கு ஆணைத்தொடர் எழுதும் முறையை விளக்கி அவர் எழுதிய நூல் 1969இல் வெளிவந்தது. மாணவர் வாங்கத்தக்க விலையில் கிடைத்தமையால், கணிப்பொறியைக் கண்ணாலும் காணாத ஊர்களிலும் அந்நூல் பயிலப்பட்டது. பயிற்சி வகுப்பும் மலிவான நூலும் அந்நிலையம் ஆற்றிய பணியின் இரு கைகள் என்று கூறுதல் பொருந்தும்.

இதே காலத்தில் அமெரிக்க நாட்டின் டார்ட்மத் கல்லூரியில் வேறொரு முயற்சி நடைபெற்றது. ஜான் கெமெனி, தாமஸ் குர்ட்ஸ் என்னும் இரு கணக்குப் பேராசிரியர்கள், இலக்கியமும் வரலாறும் பயிலும் மாணவரும் கணிப்பொறியைப் பயன்படுத்த வேண்டும் என விரும்பினர். எளிய சொற்களால் ஆகிய பேசிக் என்னும் கணிப்பொறி மொழியை ஆக்கினர். ஒரே பொறியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் முறையையும் வகுத்தனர். 1964ஆம் ஆண்டு மே முதல் நாள் வைகறை நான்கு மணிக்கு அம்முறை முதன்முதலாக இயங்கியது. அதனை உருவாக்கும் பணியிற் பெரும்பங்கு கொண்டவர்கள் இளநிலை மாணவர்களே என்பது வியப்புக்குரியது. அடுக்குகள் திறந்திருக்கும் நூலகம்போலக் கணிப்பொறியும் திறந்திருக்க வேண்டும் என்பது கெமெனியின் கருத்து. சென்னையில் அரங்கநாதன் நூலடுக்குகளைத் திறந்துவிட்ட செய்தியை ஈண்டு நினைவுகூர்தல் தகும்.

சென்னையிலே, மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959இல் நிறுவப்பெற்றது இந்தியத் தொழில்நுட்பக் கழகம். மான்கள் உலவும் கிண்டிக் காட்டையொட்டிய அதன் வளாகத்திற்கு, 1973ஆம் ஆண்டில் ஐ.பி.எம். 370/155 என்னும் பெருங்கணிப்பொறி, ஜெர்மானிய அரசின் நன்கொடையாக வந்து சேர்ந்தது. அந்நாளில் இந்தியாவில் இருந்த ஆற்றல்மிக்க கணிப்பொறிகளுள் அதுவும் ஒன்று. கான்பூரிற் பணியாற்றிய பேராசிரியர் மகாபலா சென்னைக்கு வந்து, இங்குக் கணிப்பொறிக் கல்வி வளரத் துணைபுரிந்தார். ஓர் அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்ற அவ்வகைப் பொறியின் நினைவகம், எவ்வளவு விரித்தாலும் இரண்டு மெகாபைட்டைத் தாண்டாது. இன்று ஒரு மாணவர் கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு நிழற்படம் அதிற் கொள்ளாது போகலாம்.

அப்பொறியின்முன் மாணவர் அமர்ந்து பணியாற்றுதல் இயலாது. அவர் தம் ஆணைகளை அட்டைகளில் துளைகளாகப் பதித்துக் கொடுக்க வேண்டும். ஓர் அட்டையில் எண்பது நெடுவரிசைகள். ஒவ்வொரு நெடுவரிசையிலும் துளையிடத்தக்க பன்னிரண்டு இடங்கள். காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியைக் கண்டோர்க்கு இவ்வட்டை புதிதாகத் தோன்றாது. தறியின் மேலே ஜக்கார்டுப் பெட்டியில் தொங்கும் துளையிட்ட அட்டைகளே, எந்த இழை எழ வேண்டும், எந்த இழை கீழே நிற்க வேண்டும் என்று ஆணையிட்டுச் சேலையின் கரையில் மயிலையும் அன்னத்தையும் தோற்றுவிக்கின்றன. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கண்ட தறியமைப்பு அது. துளையிட்ட அட்டையால் பொறியை இயக்கும் கருத்து அமெரிக்காவில் மற்றொரு வடிவம் பெற்று, 1890ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்புக்குப் பயன்பட்டது. அவ்வழியே வந்ததே கணிப்பொறி அட்டை. நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒருவர் அக்காலத்தில் கணிப்பொறி நிலையத்திற்குள் நுழைந்திருப்பின், தம் தந்தையின் தறியை அங்கே கண்டிருக்கக்கூடும்.

ஃபார்ட்ரான் என்னும் கணிப்பொறி மொழியில், ஓர் அட்டைக்கு ஒரு வரியாக ஆணைகள் எழுதப்பெற்றன. முதல் ஐந்து நெடுவரிசைகள் வரியின் அடையாள எண்ணுக்கு உரியவை. ஆறாவது, முந்தைய வரி தொடர்கிறது என்பதைக் காட்டுவது. ஏழாவது முதல் எழுபத்திரண்டாவது வரை ஆணைக்கு உரியவை. ஆணையைத் தவறி ஆறாவது நெடுவரிசையிலிருந்தே தொடங்கிவிட்டால், அது முன் வரியின் தொடர்ச்சி எனப் பொறி கொண்டுவிடும். இட்ட துளையை அழிக்க வழியில்லை. ஓரெழுத்துப் பிழைத்தாலும் புதிய அட்டையிலேதான் மீண்டும் பதிக்க வேண்டும். இருநூறு வரிகள் எனில் இருநூறு அட்டைகள். படியில் கால் இடறி அக்கட்டு சிதறுமாயின் வரிசை குலைந்துவிடும். அதற்கெனவே கடைசி எட்டு நெடுவரிசைகளில் வரிசை எண் இடுவதுண்டு. கட்டின் மேல்விளிம்பில் மையால் ஒரு சாய்கோடு இழுத்து வைப்பதும் உண்டு. கோடு நேராக அமையும் வண்ணம் அடுக்கினால் கட்டு பழைய நிலைக்கு வந்துவிடும். எவ்விடத்தும் அச்சிடப்படாத இத்தகைய உபாயங்களை மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லிக்கொடுத்தனர்.

ரப்பர் வளையமிட்ட அட்டைக் கட்டை நிலையத்தின் சாளரத்திற் கொடுத்துவிட்டு மாணவர் காத்திருப்பர். தம் முறை வந்து, பொறி படித்து முடித்து, அகன்ற தாளில் விடை அச்சாகி வருவதற்குப் பல மணி நேரம் ஆகும். சில வேளைகளில் மறுநாளும் ஆகும். ஆவலோடு தாளை விரித்தால், விடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரி: இன்ன ஆணையிற் பிழை. ஒரு காற்புள்ளி விடுபட்டிருக்கும். அக்காற்புள்ளியின் விலை ஒரு நாள்! இந்நிலையில் பிழைச் செய்தியைப் படித்துக் காட்டி, அதன் காரணத்தை விளக்கவல்ல ஒருவர் அருகில் இருப்பாராயின், மாணவருக்கு மூன்று நாள்கள் மிஞ்சும். அவர் இல்லையெனின் அதே பிழை மூன்று முறை அச்சாகி வரும். பொறியின் விரைவு நொடிக்கணக்கில் அளக்கப்பட்டது; மாணவர் கற்கும் விரைவோ சாளரத்தின் அப்பால் இருந்தவரின் பொறுமையால் அமைந்தது.

பின்னர் ஒரு சோதனை நேர்ந்தது. அயல்நாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் தம் பங்குரிமையைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டம் 1973இல் இயற்றப்பட்டது. அதற்கு இசையாத ஐ.பி.எம். நிறுவனம் 1978இல் நாட்டை விட்டு வெளியேறியது. அதன் பொறிகள் நாடெங்கும் இங்கேயே நின்றன. ஆக்கியவர் அகன்றபின் அவற்றைப் பழுதுபார்ப்பவர் யார்? மத்திய அரசு நிறுவியிருந்த கணிப்பொறி பராமரிப்புக் கழகம் அப்பொறுப்பை ஏற்றது. இந்தியப் பொறியாளர்கள் அப்பொறிகளைத் தொடர்ந்து இயங்கச் செய்தனர். கணிப்பொறி வரலாற்றைக் கூறுவோர் புதிய பொறிகளின் வருகையை விரித்துரைக்கின்றனர். பழைய பொறிகளை நிற்கவிடாமற் காத்தவர்களைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கின்றனர், அது முறையன்று.

அதன்பின் மாற்றங்கள் விரைந்து வந்தன. அட்டைகள் மறைந்து திரைகள் தோன்றின. மேசைக் கணிப்பொறிகள் பெருகின. சென்னை உள்ளிட்ட தொழில்நுட்பக் கழகங்களையும் வேறு சில நிறுவனங்களையும் இணைக்கும் எர்நெட் என்னும் வலையமைப்பு 1986இல் தொடங்கப்பெற்றது. பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள். 2011ஆம் ஆண்டிலே தமிழக அரசு, மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அத்திட்டத்தின் வாயிலாகத் தம் குடும்பத்தின் முதற் கணிப்பொறியைக் கையிற் பெற்ற சிற்றூர் மாணவர் பலர்.

பொறி தனித்தனியே கைக்கு வந்தமையால் உதவி வேண்டாததாயிற்று என்று கருதுதல் பிழை. முன்பு ஒரு பொறியைச் சுற்றிப் பலர் கூடினர். ஒருவர் பிழையைக் கண்டு மற்றவர் கற்றனர். இன்றோ ஒவ்வொருவரும் தம் அறையில் தம் பொறியுடன் தனித்திருக்கின்றனர். ஆகவே உதவி நிலையத்தின் பணி பெருகியுள்ளது. கடவுச்சொல்லை மறந்தவர், வலையிணைப்புக் கிடைக்காதவர், நச்சுநிரலால் கோப்புகளை இழந்தவர், ஆய்வுக்கு வேண்டிய மென்பொருளை அறியாதவர் எனப் பலதிறத்தாரும் அங்கு வருகின்றனர்.

நல்ல உதவியாளர் எத்தகையவர்? "கணிப்பொறி வேலை செய்யவில்லை" என்று மாணவர் கூறுவார். அது நோயாளி "உடம்பு சரியில்லை" என்பது போன்றது. தேர்ந்த மருத்துவர்போல் உதவியாளரும் வினவுவார்: இறுதியாக எது சரியாக இயங்கியது? அதன்பின் என்ன செய்யப்பட்டது? திரையில் தோன்றிய தொடர் யாது? அத்தொடரை மாணவர் அப்படியே எழுதி வந்திருப்பின் பாதி வேலை முடிந்தது. தேர்ந்த உதவியாளர் விசைப்பலகையைத் தம்பக்கம் இழுத்துக்கொள்ளமாட்டார். மாணவரின் விரல்களாலேயே பிழையைத் திருத்தச் செய்வார். மறுமுறை அம்மாணவர் அதற்காக வரமாட்டார். கடவுச்சொல்லை அவர் ஒருபோதும் கேட்பதில்லை. தொலைபேசியிலோ மடலிலோ அதனைக் கேட்பவர் உதவி நிலையத்தார் என்று கூறிக்கொண்டாலும் கள்வரே எனக் கொள்ளுதல் வேண்டும்.

தமிழ்வழியிற் பயின்று வந்த மாணவருக்குப் பிழைச் செய்தியின் ஆங்கிலமே முதல் தடை. அதனைத் தமிழில் எடுத்துரைக்கும் உதவியாளர் பாதித் தடையை நீக்கிவிடுகிறார். தமிழில் தட்டெழுதுவதற்கும் முன்னர் ஒரு குழப்பம் இருந்தது. ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு விசைப்பலகையைக் கொண்டிருந்தமையால், ஓரிடத்திற் பழகிய கை மற்றோரிடத்தில் தடுமாறியது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் இது ஆராயப்பட்டது. அவ்வாண்டிலேயே தமிழ்99 என்னும் விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றது. அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. ககர விசையை அடுத்து இகர விசையை அழுத்தினால் 'கி' தோன்றும். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் ஆகும் என்று தொடக்கப்பள்ளியிற் கற்ற இலக்கணமே இதற்குப் போதுமானது. ஆங்கில எழுத்துகளின் ஒலியை நாடித் தமிழை எழுதிப் பழகியவர்க்கு இது முதலிற் கடினமாகத் தோன்றும். சில நாட்களிற் கைவந்துவிடும்.

கல்லூரி உதவி நிலையங்கள் சிலவற்றில் மாணவர்களே பகுதிநேர உதவியாளராக அமர்த்தப்பெறுகின்றனர். டார்ட்மத்தின் இளைஞர்களுக்கும், அட்டையின்மீது சாய்கோடு இழுக்கக் கற்றுக்கொடுத்த மூத்த மாணவர்களுக்கும் இவர்கள் வழித்தோன்றல்கள். முதலாண்டில் கடவுச்சொல் ஏற்கப்படாமல் சாளரத்தின் இப்பால் தயங்கி நின்ற மாணவி, மூன்றாம் ஆண்டில் அதன் அப்பால் அமர்ந்து, புதிதாக வந்தவரை நோக்கி, திரையில் தோன்றிய தொடர் யாது என்று கேட்கிறார்.